முதுமலைக்கு பைக்கைக் கிளப்புறீங்களா? அதுக்கு முன்னாடி மா.கிருஷ்ணனைத் தெரிஞ்சுக்கோங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிச்சுட்டு பெரியபாளையம் ரூமுக்கு வந்து சாயறீங்க. மொபைலைத் திறந்தா முதல் ரீல்ஸே மசினகுடி. ரெண்டு பக்கமும் காடு, நடுவுல வளைஞ்சு போற ரோடு, ஓரத்துல அசையாம நிக்கிற யானை, பின்னாடி உருக்கமா ஒரு பாட்டு. அரை மணி நேரத்துல நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல தேதி குறிச்சாச்சு. மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல வருது, நாலு பைக், எட்டு பேர். 500 கிலோமீட்டருக்கு மேல இருக்கும். பரவாயில்ல, ஓட்டிடலாம்.

போயிட்டு வாங்க. உங்களைத் தடுக்குறதுக்காக இதை எழுதலை. ஆனா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுப் போனா, அதே ரோட்டுல அதே யானையை நீங்க பார்க்கிற விதமே வேற மாதிரி இருக்கும். உங்களுக்கு ரெண்டு தலைமுறை முன்னாடியே கேமராவைத் தூக்கிக்கிட்டு முதுமலைக்குப் போனவர் அவர். கையில் பெரிதாகக் காசு கிடையாது. எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. லைக்ஸ் எண்ணாமல் 46 வருஷம் விடாமல் எழுதினார். பெயர் மா.கிருஷ்ணன்.

மயிலாப்பூரில் நரி ஓடிய காலம்

1912 ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா யார் தெரியுமா? அ.மாதவையா. தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதியவர். உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் வேலை பார்த்தவர், அதிலிருந்து சீக்கிரமே விலகி வந்து, மயிலாப்பூரில் வீட்டோடு ஓர் அச்சகம் வைத்து 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். மாதச் சம்பளத்தைவிட எழுத்து பெரிது என்கிற எண்ணம் இந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே இருந்தது.

இன்றைக்கு மயிலாப்பூர் என்றால் நமக்குத் தெரிவது கபாலீஸ்வரர் கோயிலும் டிராஃபிக்கும்தான். கிருஷ்ணன் சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரி உண்டு. வெளிமான் உண்டு. பறவைகளுக்குக் கணக்கே கிடையாது. பையன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். காட்டைத் தேடி அவன் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை, வீட்டு வாசலிலேயே இருந்தது. பின்னாளில் காக்கை, அணில், கழுதை என்று யாரும் திரும்பிப் பார்க்காத உயிர்களைப் பற்றி அவர் ஆசையாக எழுதியதற்கு வேர் இந்த மயிலாப்பூர்தான் என்று எனக்குத் தோன்றும்.

1925 அக்டோபரில் ஒரு பெரிய அடி. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய மாதவையா, அந்த இடத்திலேயே உயிர்விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது.

1927-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வாத்தியார் பி.எஃப்.ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்க்கிற நூலை எழுதிய தாவரவியலாளர். ஃபைசன் மலைக்குச் செடி தேடிப் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போனார். ஃபைசனின் மனைவி நன்றாகப் படம் வரைவார். அவரிடமிருந்து நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். ஒரு விலங்கைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற புல்லையும், அது தின்கிற இலையையும் பார்க்கிற கண் இவருக்கு இங்கேதான் திறந்தது. காட்டைப் பற்றி எழுதிய பலரும் துப்பாக்கியிலிருந்து தொடங்கியவர்கள். வேட்டை அலுத்த பிறகு இயற்கைப் பக்கம் வந்தவர்கள். இவர் செடியிலிருந்து தொடங்கினார். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆனால் மார்க்? அது வரவில்லை. 1931-ல் பட்டம் வாங்கினார். மதிப்பெண் சுமார்தான். வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சின்னச் சின்னப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வரை போனவர். வீட்டில் அப்படி ஓர் அண்ணன் இருக்கும்போது வேலையில்லாத தம்பியாக இருப்பது எப்படிப்பட்ட நிலைமை என்பதை உங்களில் சிலருக்கு விளக்கவே வேண்டாம்.

சண்டூர்: ஆடு, புறா, ராஜா

1937-ல் இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார். 1942-ல்தான் ஒரு நிலையான வேலை வந்தது. பெல்லாரிக்குப் பக்கத்தில் சண்டூர் என்று ஒரு குட்டி சமஸ்தானம். அதன் மன்னர் வேலைக்கு அழைத்தார். என்ன வேலை என்று கேட்டால், எல்லா வேலையும்! பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று மாறி மாறிப் பார்த்திருக்கிறார். மீதி நேரமெல்லாம் சண்டூரைச் சுற்றியிருந்த குன்றுகளில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கி அவற்றின் மூலம் தபால் அனுப்புகிற ஏற்பாட்டுக்காகப் புறா வளர்த்தார். ஆமாம், நிஜமாகவே புறா விடு தூதுதான்!

சிரிக்கத் தோன்றும். ஆனால் ஆடு மேய்ப்பவனுக்கு எந்தப் புல் எந்த மாதத்தில் முளைக்கும், எந்தச் செடியை ஆடு தொடாது, எந்த நேரத்தில் மந்தை மிரளும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். புத்தகத்தில் கிடைக்காத இந்தப் பாடத்தை ஏழு வருஷம் படித்தார் கிருஷ்ணன். 1949-ல் சண்டூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. மெட்ராஸுக்குத் திரும்பி, எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், குடியிருந்தார். அதற்குப் பிறகு யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் படமும் கொடுத்த வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. அவருக்கு அப்போது 37 வயது. இன்றைய பாஷையில் சொன்னால் ஃப்ரீலான்ஸர். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். 'கன்ட்ரி நோட்புக்' என்று பெயர். காட்டு யானையிலிருந்து வீட்டுப் பல்லி வரை எல்லாமே அதில் வந்தது. கூடவே அவரே வரைந்த கோட்டோவியம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாலே மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். 'இந்து' நாளிதழில் இசட் என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் எழுதினார். 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் காட்டுயிர்ப் புகைப்படக்காரரின் குறிப்புகளாக ஒரு தொடரும் வந்தது.

யானைக்கு முன்னால் நின்றவர்

இப்போது நீங்கள் போகப்போகிற காட்டுக்கு வருவோம்.

முதுமலை 1940-ல் சரணாலயமானது. தென்னிந்தியாவின் தொடக்ககாலக் காட்டுயிர்ச் சரணாலயங்களில் இதுவும் ஒன்று. அன்றைக்கு வெறும் 60 சதுர கிலோமீட்டர். பிறகு 321 சதுர கிலோமீட்டராக வளர்ந்தது. அதன் மையப்பகுதி தேசியப் பூங்கா. 2007-ல் புலிகள் காப்பகம். வடக்கே மாயாறு, அந்தக் கரையில் கர்நாடகாவின் பந்திப்பூர். யானைக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது.

பைக்கில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூடலூர் பக்கம் மழை அதிகம். மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். தேக்கு, ஈட்டி, வேங்கை, ஊடே மூங்கில் புதர்கள். தெப்பக்காட்டைத் தாண்டிக் கிழக்கே மசினகுடி, சீகூர் என்று வர வர மழை குறைந்துகொண்டே போகும். மரம் குட்டையாகும், முள் கூடும். கடைசியில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் கரம்பு மாதிரி முட்காடாக மாறிவிடும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை மாற்றம். மேற்கே மலையணிலையும் காட்டுமாட்டையும் பார்க்கலாம் என்றால், கிழக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமானும் கழுதைப்புலியும் உண்டு. பாறு கழுகுகள் கூடு கட்டுவதும் அங்கேதான். மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளைக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நாட்டில் பெரும்பாலான இடங்களில் பாறுகள் அழிந்துபோன நிலையில், மிச்சம் இருக்கிற சில இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் காட்டுக்குத்தான் கிருஷ்ணன் திரும்பத் திரும்ப வந்தார். அவர் கையில் இருந்த கேமரா ஒரு தனிக் கதை. கடையில் வாங்கிய பொருள் இல்லை அது. ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று பல பாகங்களைத் தானே ஒட்டவைத்துச் செய்துகொண்ட கனமான சாதனம். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது. தூரத்தைக் கண்ணாலேயே மட்டுக்கட்டி வைக்க வேண்டும். ஃபிலிம் விலை அதிகம், அதனால் ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுக்க முடியும். சில நேரம் நடந்து போவார், சில நேரம் வனத்துறையின் பழக்கிய யானை மேல் ஏறிக்கொண்டு காட்டு யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போவார். மனித வாசனையை யானை வாசனை மறைத்துவிடும் அல்லவா?

அவர் எடுத்த யானைப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். இன்றைய படங்களைப் போலப் பின்னணி மங்கலாகி, யானை மட்டும் பளிச்சென்று நிற்காது. யானையைச் சுற்றி மூங்கில் இருக்கும், புல் இருக்கும், ஒடிந்த கிளை இருக்கும். காட்டை வெட்டி எறிந்துவிட்டு விலங்கை மட்டும் காட்டுகிற வேலையை அவர் செய்யவில்லை. செடியிலிருந்து தொடங்கியவர் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிக் களஆய்வு. பல்கலைக்கழக விலங்கியல் பட்டம் இல்லாத ஒருவர், காடு காடாக அலைந்து, யானை, காட்டுமாடு, செந்நாய், கடமான் எல்லாம் எங்கே எந்த நிலைமையில் இருக்கின்றன என்று நேரில் பார்த்துப் பதிவு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை 1975-ல் புத்தகமாகக் கொண்டுவந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. புலிகள் பாதுகாப்புத் திட்டம் உருவானபோது அதன் வழிகாட்டுக் குழுவில் இடம். டெல்லிக் கூட்டங்களில் அதிகாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து முகத்துக்கு நேராக மறுத்துப் பேசக்கூடிய ஆள் என்று பெயரெடுத்தார்.

மஞ்சள் பூவைப் பார்த்து ஏமாறாதீங்க

கிருஷ்ணன் விடாப்பிடியாக நின்ற விஷயம் ஒன்று உண்டு. இந்த மண்ணின் காட்டில் இந்த மண்ணின் செடிகொடிதான் இருக்க வேண்டும் என்பது. அழகுக்காக, விறகுக்காக, வருமானத்துக்காக என்று வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைக் கடைசி வரை எதிர்த்தார். அன்றைக்குப் பலருக்கு இது ஒரு கிழவரின் பிடிவாதமாகத் தெரிந்தது. பூ அழகாகத்தானே இருக்கிறது, நிழல் தருகிறதே, என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டார்கள்.

என்ன கெட்டுப்போனது என்று தெரிய வேண்டுமானால் முதுமலைக்குப் போகும் வழியில் ரோட்டோரத்தைப் பாருங்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் பூத்த முட்புதர் மைல்கணக்கில் மண்டிக் கிடக்கும். உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட அழகுக்காக வந்தது. இது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லை என்றால் புள்ளிமானும் காட்டுமாடும் எதைத் தின்னும்? மேய்ச்சல் குறைந்தால் விலங்குகள் ஊர்ப்பக்கம் வரும். அப்புறம் நாம் டி.வி.யில் ஊருக்குள் புகுந்த யானை என்று செய்தி பார்ப்போம்.

அடுத்தது இன்னும் தந்திரமானது. ரீல்ஸ்களில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிற மரங்களைப் பார்த்திருப்பீர்கள். கொன்றை என்று நினைத்திருப்பீர்கள். நம்ம சரக்கொன்றையில் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், சரம் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. காயும் கறுப்புக் குழல் போல உருண்டையாக நீளும். ஆனால் முதுமலையில் பல இடங்களில் நீங்கள் பார்ப்பது கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கிற பூங்கொத்து. அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். தனக்குக் கீழே வேறு எதையும் வளரவிடாது. இப்போது தமிழ்நாடு அரசு இந்த மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணன் இறந்து 25 வருஷத்துக்குப் பிறகு அரசாங்கமே கோடாரியோடு அவர் பக்கம் வந்து நிற்கிறது.

உண்ணிச்செடியிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. நீலகிரியின் பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டை வேகவைத்து, வளைத்து, அசல் அளவில் யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் போய் நின்றது.

இதெல்லாம் நீலகிரிச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை ரோட்டில் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள், ஏரிக்கரை எல்லாம் சீமைக்கருவேலம். அதே ஊரில் ஆடி மாதம் பவானி அம்மன் கோயிலில் என்ன நடக்கிறது? வேப்பிலையை ஆடையாக உடுத்திக்கொண்டு ஜனங்கள் வேண்டுதல் செலுத்துகிறார்கள். எந்த மரம் நம்மோடது, எது வந்து குந்தியது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கிருஷ்ணன் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக வாதாடிய விஷயத்தை அவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

காடு யாருக்கு?

சரணாலயம் என்பது முதலில் அங்கே வாழ்கிற உயிர்களுக்கு, பார்க்க வருகிறவர்களுக்கு அப்புறம்தான். இதுதான் கிருஷ்ணனின் நிலை. இதில் அவர் கறார். காட்டுக்குப் போவதையே அவர் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம் இல்லை. வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர்தானே அவர். ஆனால், காட்டுக்குள் நாம் நுழைவது விருந்தாளியாகத்தான், வீட்டுக்காரராக அல்ல.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த ஆண் யானை மீது, தீப்பிடித்து எரிகிற பொருளை எறிந்தார்கள். காதில் தீயோடு அது இருட்டில் ஓடிய வீடியோ உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். சில நாளில் அந்த யானை இறந்துபோனது. அது அத்துமீறி வந்த யானை இல்லை. சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் காலம் காலமாகப் போய்வருகிற வழி. அந்த வழியில் ரிசார்ட்டுகள் முளைத்தன. வழக்கு நடந்தது. யானை வழித்தடத்தை உறுதி செய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரிதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மூன்று மாதம் கழித்து நடந்தது இது.

ஆக, ரூம் புக் பண்ணும்போது விலையையும் வைஃபையையும் மட்டும் பார்க்காதீங்க. அந்த இடம் எங்கே இருக்கு, யாரோட பாதையில இருக்குன்னும் கேளுங்க. காட்டுக்குள் போக வனத்துறையின் சஃபாரி வண்டி தெப்பக்காட்டிலிருந்து கிளம்புகிறது, அது போதும். ரோட்டில் வண்டியை நிறுத்தி யானையோடு செல்ஃபி, குரங்குக்கு சிப்ஸ், ராத்திரியில் ஹெட்லைட் அடித்து விலங்கு தேடுவது, இதெல்லாம் சட்டப்படி தப்பு. பந்திப்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை 2009-லிருந்தே போக்குவரத்துத் தடை உண்டு. ஊட்டிக்கும் சேர்த்துப் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க மறக்காதீங்க.

ஓர் இடத்தில் மட்டும் கிருஷ்ணனோடு முழுசாக ஒத்துப்போக எனக்கு முடியவில்லை. காட்டில் மனிதத் தலையீடே இருக்கக் கூடாது என்கிற அவர் காலத்து இயற்கை ஆர்வலர்களின் பார்வையில், அங்கேயே பிறந்து வளர்ந்த இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர் போன்றவர்களுக்கு இடம் சின்னதாகத்தான் இருந்தது. வனத்தில் அவர்களுக்கு உள்ள உரிமையை நாடாளுமன்றம் சட்டமாக்கியதே 2006-ல்தான். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் தெப்பக்காட்டு முகாமில் குட்டி யானையை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். யானையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மரத்துக்கும் மானுக்கும் வாதாடிய அளவுக்கு இவர்களுக்காகவும் கிருஷ்ணன் வாதாடியிருக்கலாம் என்று தோன்றும்.

தமிழில் ஒரு கிருஷ்ணன்

இவ்வளவும் ஆங்கிலத்தில்தானா என்று கேட்பீர்கள். இல்லை. மாதவையா பிள்ளையாயிற்றே! தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் முன்னின்று கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள், பறவைகள் பற்றிய கட்டுரைகள் தந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து சு.தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாக்கினார். சின்னப் புத்தகம். மொபைலை ஓரமாக வைத்துவிட்டு, ரயிலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போய் வரும் நேரத்துக்குள் பாதியைப் படித்துவிடலாம். இதோடு 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் மனிதர். புறாத் தபால் நடத்தியவரிடம் இதை எதிர்பார்க்க வேண்டியதுதான்!

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு, ராமச்சந்திர குஹா தொகுத்த 'நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மேன்' நல்ல தொடக்கம். படங்களுக்கு 'ஐ இன் தி ஜங்கிள்'. எதை எடுத்தாலும் ஒன்று தெரியும். காட்டைப் பற்றி எழுதும்போது அவர் உருகுவதில்லை. பார்த்ததைச் சொல்வார், எப்போது பார்த்தேன் என்று சொல்வார், தெரியாததை ஊகித்து அளக்கமாட்டார். குரல் உயர்வது அபூர்வம். உயர்ந்தால் எதிரில் ஒரு யூகலிப்டஸ் திட்டமோ அதற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியோ இருப்பார்.

எண்பது வயதைத் தாண்டியும் வேலை நிற்கவில்லை. தன் கேமராவில் எடுத்ததைத் தானே இருட்டறையில் கழுவிப் பிரின்ட் போட்டவர், வண்ணப்படம் பக்கம் போகவே இல்லை. 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், உலகெங்கும் தேர்ந்தெடுத்த 500 பேர் கௌரவப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. அதைக் கொண்டாடவும் அவர் பெரிதாக மெனக்கெட்ட மாதிரி தெரியவில்லை. பத்திக்கு அடுத்த கட்டுரை போக வேண்டுமே!

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் கிருஷ்ணன் காலமானார். வயது 83. அன்றைய 'ஸ்டேட்ஸ்மே'னில் அவருடைய 'கன்ட்ரி நோட்புக்' வழக்கம்போல அச்சாகி வந்திருந்தது.